கடையில் விரித்த படுக்கை

அன்புள்ள மகன் முருகேசனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ நலமாக இருக்கிறாய், பெரிய பதவி கிடைத்திருக்கிறது என்பதை உன் அம்மா மயிலாப்பூர் மாட வீதி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். அதனால் கேட்கவில்லை. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அதையும் எழுதவில்லை. இப்போது மத்தியானம். விற்பனை ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். உஸ்மான் ரோட்டு வெயிலுக்குப் பயந்து ஒரு ஈ காக்கை கடைக்குள் வரவில்லை. கல்லாப்பெட்டி மேல் உன் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, கட்பீஸ் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தில் இதை எழுதுகிறேன்.

வடக்கே இரும்பாலைக்கு மாற்றல் என்று எழுதியிருக்கிறாய். திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டு, செண்பகத்தையும் பையனையும் மயிலாப்பூரில் எங்களிடம் விட்டுவிட்டு நீ மட்டும் போகப்போவதாகவும், பையன் படிப்பு முடியும்வரை அப்படியே இருக்கட்டும் என்றும் எழுதியிருக்கிறாய். பையன் இப்போதுதான் முதல் வகுப்பு! அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைசியில் ஒரு வரி எழுதினாயே: “நாங்கள் படிப்பதற்காக நீங்கள் கடையில் படுத்தீர்கள். நான் கொஞ்சம் தூரத்தில் படுக்கப்போகிறேன், அவ்வளவுதான். நீங்கள் காட்டிய வழிதான் அப்பா.” இதைப் படித்தால் அப்பாவுக்கு உச்சி குளிரும் என்று நினைத்திருப்பாய். எனக்குக் குளிரவில்லை. பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துக் கெட்டுப்போகிறான் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். கெட்டுப்போனவன் சீட்டாடினான், குடித்தான் என்றால் ஊருக்குப் புரியும். குடும்பத்துக்காகக் கடையில் படுத்தவனைப் பார்த்துக் கெட்டுப்போனான் என்றால் யாருக்கடா புரியும்?

நான் கடையில் படுக்கப் போன கதையை நீ உன் அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். அவள் சொல்லுகிறபடி அது ஒரு தியாகம். நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். நம் வீடு உனக்குத் தெரியும். ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, பின்னால் கிணறு, மாடியில் வீட்டுக்காரர்கள். அந்த ஒரு அறை நானும் உன் அம்மாவும் கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்களுடையது. அவள் பிறந்த வீட்டில் கொடுத்த தேக்குக் கட்டில் அதில் கிடந்தது. சுவரில் சாய்த்து வைத்த ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் இருந்தது. அப்போதெல்லாம் சினிமாவுக்குக் கிளம்பும்போது இரண்டு பேரும் அதன்முன் நின்று இடித்துக்கொண்டு தலை சீவுவோம். நீ தவழ ஆரம்பித்ததும் முதலில் கண்ணாடிக்குத்தான் ஆபத்து வந்தது. பிள்ளை தட்டி உடைத்துக்கொள்வான் என்று அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மல்லிகா பிறந்ததும் கட்டில் போயிற்று, பிள்ளைகள் உருண்டு விழுமாம். பிரித்துப் பரண்மேல் போட்டோம். நான் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. குழந்தைகள் இருக்கிற வீடு அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

பிறகு நீ எட்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டாய். வாத்தியார் உன் அம்மாவைக் கூப்பிட்டு, பையனுக்கு வீட்டில் படிக்கத் தனி இடம் இல்லையா என்று கேட்டாராம். அன்று சாயங்காலமே அவள் அறையைக் காலி செய்து உனக்கு மேஜை போட்டுவிட்டாள். கூடத்தில் அவளும் மல்லிகாவும் படுத்தார்கள். எனக்கும் கூடத்தில் இடம் இருந்தது. ஆனால் வளருகிற பெண் படுக்கிற இடத்தில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் படுப்பது சரியில்லை என்று உன் அம்மாவுக்கு ஓர் எண்ணம். வாய்விட்டுச் சொல்லவில்லை. என் பாயை முதலில் ஜன்னலோரம் தள்ளிப் போட்டாள், அடுத்தது வாசல் நடையில் போட்டாள். மழைக்காலம் வந்தது, நடையில் சாரல் அடித்தது. “நான் வேணா கடையில படுத்துக்கிடட்டுமா?” என்றேன். வேண்டாம் என்பாள் என்றுதான் கேட்டேன். “அதுவும் நல்லதுதாங்க, கடைக்கும் காவலாச்சு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு கோபம் இல்லை, ஒரு சண்டை இல்லை. மறுநாள் என் படுக்கையைச் சுருட்டிக் கைரிக்‌ஷாவில் வைத்து தி. நகருக்கு வந்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்லவேண்டும், எனக்கு இங்கே சுகமாகத்தான் இருந்தது. கடையில் தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளை விரித்திருப்போமே, வருகிற பெண்கள் அதில் உட்கார்ந்துதான் புடவை பார்ப்பார்கள். கடை சாத்தியதும் அத்தனை மெத்தையும் எனக்குத்தான். சுற்றிலும் புதுத் துணி, அதன் கஞ்சி வாசனை. யாரும் அழமாட்டார்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மழைக்காலம் முடிந்தது. யாரும் என்னைத் திரும்ப வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குள் புகழ் வேறு வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த உன் பெரிய மாமா கடையில் என் படுக்கையைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். “மாப்ள, பிள்ளைங்க படிக்கணும்னு ஒங்கள மாதிரி எவன் கெடப்பான்?” என்றார். திருநெல்வேலிப் பக்கம் நம் சொந்தத்தில் ஒரு கல்யாண வீடு பாக்கியில்லை, இந்தக் கதையைச் சொல்லாமல். அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்கு வருவது? ஆசைக்கு வந்துவிட்டான் என்று ஆகிவிடும் அல்லவா? சிரிக்காதே. இந்த அற்பமான காரணத்துக்காகத்தான் உன் அப்பா தன் நடுவயதையெல்லாம் மல் துணிக்கும் பாப்ளினுக்கும் நடுவில் கழித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கு மட்டும் வீட்டுக்குச் சாப்பிட வருவேன். உனக்கு நினைவிருக்கிறதா, நான் செருப்பைக் கழற்றும்போதே நீ காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்துகொள்வாய். மல்லிகா வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். வெள்ளி டம்ளர் விருந்தாளிக்கு எடுப்பது. வடை, பாயசம், அப்பளம் என்று அமர்க்களப்படும். சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்வேன். உனக்குப் பரீட்சை நேரமாக இருந்தால் அம்மா ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருப்பாள். கடுகு வெடிக்கிற சத்தத்தில் உன் படிப்பு கெடும் என்று தாளிக்காமல் சாம்பார் வைத்த மகராசி அவள். வெயில் தாழ்ந்ததும் என் கால் தானாகச் செருப்பைத் தேடும். “போயிட்டு வர்றேன்” என்பேன். நீங்கள் மூன்று பேரும் வாசல்வரை வந்து வழியனுப்புவீர்கள். எந்த வீட்டுக்காரனாவது தன் வீட்டில் போயிட்டு வர்றேன் என்று சொல்லிக் கிளம்பி இன்னோர் இடத்தில் போய்த் தூங்குவானா? அன்றைக்கு அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. எனக்கே படவில்லையே, உங்களைச் சொல்லி என்ன!

நீ வேலைக்குப் போனாய், கல்யாணமாயிற்று, திருச்சியில் குடித்தனம் வைத்தாய். போன வருஷம் மல்லிகாவும் மதுரைக்குப் புகுந்த வீடு போனாள். அவளை ரயிலேற்றிவிட்டு உன் அம்மா நேரே வீட்டுக்குப் போனாள், நான் நேரே கடைக்கு வந்தேன். அந்த வீட்டில் இனி அவள் ஒருத்திதான் என்பது எனக்கு உறைக்கவே சில வாரங்கள் ஆயின. உறைத்த பிறகும் அவளாகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவள் நானாக வரட்டும் என்று இருந்திருக்கிறாள். கடைசியில் ஒருநாள் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வந்து வெள்ளை விரிப்பில் வாடிக்கைக்காரி மாதிரி உட்கார்ந்தாள். “இன்னுமா இங்கன கெடக்கீங்க?” என்றாள். அவ்வளவுதான். என் படுக்கையை அவளே சுருட்டினாள். இரண்டு பேரும் ஒரே ரிக்‌ஷாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் போனோம். லஸ் முனை தாண்டும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது, புதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு போகிறவன்போல. இதை மகனுக்கு எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும், உனக்கும் கல்யாணமாகிவிட்டது.

பெரியவர்கள் இருக்கிற வீடாக அதை மாற்றுவோம் என்று அவள்தான் சொன்னாள். சொன்னபோது அவள் முகத்தில் இருந்த களையை நான் மறக்க மாட்டேன். நீ சுவரில் கரிக்கட்டியால் எழுதிய வாய்ப்பாடெல்லாம் அழிய வெள்ளையடித்தோம். பரணிலிருந்து கட்டிலை இறக்கினோம். ஒரு காலைச் செல் அரித்திருந்தது, ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றினோம். உன் மேஜையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன், மாட்டேன் என்றாள். சரி என்று அதை ஜன்னலோரம் போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டேன். அந்தக் கண்ணாடியைத் திருப்பினோம். அத்தனை வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடி. முன்னால் நின்றால் உள்ளே ஒரு கிழவனும் நரைத்த பெண்பிள்ளையும் நிற்கிறார்கள். “யாரு இவங்க, நம்ம வீட்டுல?” என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துத்தான் வந்தது என்று அப்போது நினைத்தேன்.

சுலபமாக இல்லை. என்னோடு அவளுக்குத் தூக்கம் வரவில்லை, பக்கத்தில் ஒரு ஆள் மூச்சுவிடுவதே அவளுக்குத் தொந்தரவாக இருந்தது. எனக்கோ கஞ்சி வாசனை இல்லாமல் கண் மூடவில்லை. அதை வெட்கத்தோடு சொன்னேன். மறுநாள் கடைக்கு வந்து, தண்ணீரில் நனைக்காத புது வேட்டி ஒன்றை எடுத்துப்போய் மடிப்புக் கலையாமல் என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அன்று தூங்கினேன். எனக்கு ஒருத்தி செய்த காரியங்களில் இதற்குமேல் ஒன்றும் இல்லை, முருகேசா. சாப்பாட்டிலும் அப்படித்தான். நான் பூசணிக்காய் தொடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. வாரம் தவறாமல் கடைக்குச் சாப்பாட்டுக் கேரியரில் வைத்து அனுப்புவாள், நான் விற்பனை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுக் காலிக் கேரியரைத் திருப்பி அனுப்புவேன். என் புருஷனுக்குப் பூசணிக்காய் என்றால் உயிர் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அவள் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியாது. பேரன் எடுத்த பிறகு இரண்டு பேரும் பெண் பார்க்க வந்தவர்கள்போல ஒருவருக்கொருவர் இதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

பேச்சுதான் பெரிய பாடு. என்ன பேசினாலும் உன்னிடமோ மல்லிகாவிடமோ போய் முடியும். முருகேசன் சாப்பிட்டிருப்பானா, மல்லிகா மாமியார் எப்படி, இதற்குமேல் ஒரு வார்த்தை வராது. ஒருநாள் சொன்னேன்: வீட்டிலிருந்து கடற்கரை போய்த் திரும்புகிறவரை பிள்ளைகள் பேச்சை எடுக்கக்கூடாது, எடுத்தவர் சுண்டல் வாங்கித் தரவேண்டும். சாந்தோம் வந்து சேருகிறவரை இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை! மணலில் போய் உட்கார்ந்தோம். நல்ல காற்று. அவள் சொன்னாள்: “இந்தக் கடல நான் இப்பத்தான் பாக்கறேன் தெரியுமா? முந்தியெல்லாம் வந்தா அதுங்க ரெண்டு தலையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். எந்த அலையில எது முழுகிருமோன்னு. தண்ணியப் பாத்ததே இல்ல.” பிள்ளைகள் பேச்சை எடுத்துவிட்டாய், சுண்டல் வாங்கு என்றேன். வாங்கினாள். அதன்பிறகு சாயங்காலம் கடையைச் சீக்கிரம் ஆட்களிடம் விட்டுவிட்டு வந்துவிடுவேன். கடற்கரை, இல்லாவிட்டால் லஸ் பக்கம் நடை, திரும்பி வந்து பிரம்பு நாற்காலியில் எதிரும் புதிருமாக உட்காருவோம். பேச்சும் மெல்ல மெல்ல வந்தது. சின்ன வயதில் அவளுக்குத் தையல் மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசையாம். ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டி, எனக்கு இது தெரியாது. வாங்குவோம், அந்த மேஜை இருக்கிற இடத்தில் போடுவோம் என்றேன். பார்ப்போம் என்றாள். உனக்கு இவையெல்லாம் சில்லறை விஷயங்களாக இருக்கும். எனக்கு வேறு சொத்து இல்லை.

மாடி வீட்டு அம்மாள் நல்லவர்தான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவர். ஒருநாள் நாங்கள் கிளம்பும்போது மாடிப்படியில் நின்றபடி, “என்ன, தினம் ரெண்டு பேருமா ஜோடி போட்டுண்டு கிளம்பிடறேளே! கல்யாணம் ஆகி ஆத்துக்கு வந்த புதுசுலகூட இப்படிப் போனதில்லையே!” என்று கேலி செய்தார். நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. தெருமுனை வரை வந்தவள், தலை வலிக்கிறது என்று திரும்பிவிட்டாள். மறுநாளும் தலைவலி. பேரன் எடுத்தவளுக்கு என்ன பீச்சு வேண்டிக்கிடக்கிறது என்று மூன்றாம் நாள் அவளே சொன்னாள். மகன் கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துகிறபோது அப்பாவும் அம்மாவும் புருஷன் பெண்டாட்டியாக இருக்கக்கூடாது என்று நம் பக்கத்தில் யாரோ எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். யார் என்று தெரிந்தால் கேட்டிருப்பேன். ஆனாலும் வீட்டுக்குள் நாற்காலிகள் இருந்தன, காப்பி இருந்தது, தலையணைக்கு அடியில் வேட்டி இருந்தது. மெல்லச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

அப்போதுதான் செண்பகம் பையனோடு நாலு நாள் வந்து தங்கினாள். அவள்மேல் கோபிக்க மாட்டாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். ஊருக்குக் கிளம்புகிற அன்று, அம்மா பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த சமயம், சமையலறை வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: “மாமா, இவங்களுக்கு வடக்க மாத்தலாகுது. அங்க குவாட்டர்ஸ் குடுக்காங்களாம். பள்ளிக்கூடமும் இருக்காம். ஆனா இவங்க, பையன் இங்கதான் படிக்கணும், நீ மெட்ராஸ்ல இருன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இங்க ஒரு கொறையும் வராது, அத்த தங்கமா வச்சுக்கிடுவாங்க. ஆனா எனக்கு அவங்களோட இருக்கணும் மாமா. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க.” ஒரு பெண் மாமனாரிடம் இதைச் சொல்ல எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாப்போம்மா” என்றேன். கடையில் பாக்கி கேட்டு வருகிறவனிடம் சொல்லுகிற அதே பாப்போம். உன் அம்மா காதில் விழுந்துவிடுமோ என்று பயம் எனக்கு. அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தாமதமாக.

உன் கடிதம் வந்தது. அம்மா அதைக் கூடத்தில் நின்றபடியே படித்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கடற்கரையிலும் அவ்வளவு மலர்ந்ததில்லை. இருட்டுவதற்குள் பிரம்பு நாற்காலிகள் பின்கட்டுக்குப் போய்விட்டன. மேஜை பையனுக்கு. அறை செண்பகத்துக்கும் பையனுக்கும். மருமகள் இருக்கிற வீட்டில் நாம் அறைக்குள் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றாள். கட்டிலைப் பிரிக்க ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினாள், பிள்ளை உருண்டு விழுந்துவிடுவானாம். பிறகு அந்தக் கண்ணாடியைப் பிடித்தாள். “ஒரு கை புடிங்க, பந்து கிந்து எறிவான்” என்றாள். நான் பிடித்தேன். இரண்டு பேருமாகத்தான் அதை மறுபடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். அப்போது கேட்டேன்: “அவங்க மூணு பேரும் ஒண்ணா அங்க இருக்கட்டுமே. நாம ரெண்டு பேரும் இங்க இப்படியே இருந்தா என்ன?” அவளுக்கு நான் வேடிக்கை பேசுகிறேன் என்றே பட்டது. “நாம ரெண்டு பேரு மட்டும் இருந்து என்னத்தச் செய்ய? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கவா?” என்று சிரித்தாள்.

ஆமாம், அதற்குத்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். அவளைக் குறை சொல்லவே மாட்டேன். பெற்றவள் என்கிற ஒரு வேலையை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டு இத்தனை காலம் கழித்து வந்து, அதை விடு, என்னோடு நாற்காலியில் உட்கார் என்றால் எப்படி? மல்லிகா போனதிலிருந்து கைக்கு வேலையில்லாமல் பயந்துபோயிருந்தாள், பாவம். என்னோடு நடந்தது, சிரித்தது, சுண்டல் வாங்கித் தந்தது எல்லாம் அந்தப் பயத்தில் செய்ததோ என்றுகூட இப்போது நினைப்பு ஓடுகிறது. இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன கெட்ட நினைப்பு வேண்டும்? எங்கள் வீட்டை நாங்கள் திரும்ப வாங்கிவிட்டோம் என்று நினைத்தேன். அது சும்மா கொஞ்ச நாள் காலியாகக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், உன்னைப் பெற்றவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெரியவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். ஒரு கட்டில் அளவு, இரண்டு நாற்காலி அளவு போதும். அதை அவர்கள் வளர்ந்த பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதே. பிள்ளைகள் வளர்ந்ததும் சுவருக்கு வெள்ளையடிக்கலாம், கட்டிலுக்குப் புதுக் கால் போடலாம், அந்த அறையில் இருந்த இரண்டு பேரை எங்கே போய்த் தேடுவாய்? பையன் அங்கேயே படிக்கட்டும். தமிழில் மார்க் குறைந்தால் குறையட்டும். நான் கடையில் படுத்தேன், நீ கணக்கில் தேறினாய், இன்ஜினீயர் ஆனாய். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நீ நம்புகிறாய். எனக்கென்னவோ நான் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருந்தாலும் நீ தேறியிருப்பாய் என்றுதான் தோன்றுகிறது. அதை நினைக்கிறபோது ஆறவே மாட்டேன் என்கிறது.

இதுவரை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. உன் அம்மா. பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுவிட்டு வருகிற வழியாம், கிடைத்துவிடும்போல் இருக்கிறதாம். ஒரே உற்சாகம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு இளமையாக அவளைப் பார்த்ததில்லை. ரிக்‌ஷாக்காரர் பின்னாலேயே என் படுக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே கோடு போட்ட ஜமுக்காளம், துவைத்துக் காயவைத்துச் சுருட்டியிருந்தாள். “நைனா, இத்த எங்க வக்கிறது?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் இடம் காட்டிவிட்டாள், கல்லாப்பெட்டிக்குப் பின்னால், பழைய மூலை. மறக்கவில்லை. பிறகு பையிலிருந்து அந்த வேட்டியை எடுத்தாள், தலையணைக்கு அடியில் வைத்திருந்தாளே, அதே வேட்டி. “இது இனிமே எதுக்குங்க, இங்கதான் வாசன கெடக்கே. மடிப்பு கலையல, வித்துரலாம்” என்றாள். அவளே அலமாரியில் மற்ற வேட்டிகளோடு அடுக்கிவைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போது ஏதோ மறந்தவள்போலத் திரும்பி, “ஞாயித்துக்கெழம சாப்பிட வந்துருங்க” என்றாள்.

என்னை வீட்டில் வை என்று உன்னிடம் கேட்கவில்லை, அது உன் கையில் இல்லை. உன் கையில் இருப்பது செண்பகமும் பையனும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போ. இல்லாவிட்டால் ஒருநாள் உனக்கும் ஒருத்தி வாசல்வரை வந்து இதே வார்த்தையை அன்பாகச் சொல்லுவாள், முருகேசா. உனக்கு அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது.

அப்பா